ரஃப் பேப்பர் தருவார்களா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நைட் டியூட்டி முடிந்து காரில் ஏறியதும் கேட்டேன். அமெரிக்காவில் நர்ஸ் லைசன்ஸுக்கு எழுதுகிற என்கிளெக்ஸ் தேர்வுக்கான ஏ.டி.டி. அனுமதி வந்துவிட்டது, சென்னை மையத்தில் தேதியும் எடுத்தாயிற்று. ரொம்ப சந்தோஷம். மற்றதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒன்று கேட்டாயே: "ரஃப் பேப்பர் தருவாங்களா பெரியம்மா? தந்தா, கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்ததும் லேப் வேல்யூ எல்லாத்தையும் கடகடன்னு எழுதி வச்சுக்கணும்னு கோச்சிங்ல சொல்றாங்க." இந்தக் கடிதம் அதற்காகத்தான். இரண்டு வரியில் பதில் போட்டிருக்கலாம். போட்டால் நீ ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்பிவிட்டு, கோச்சிங்கில் சொன்னதையே செய்துவிட்டு வருவாய். உன்னை எனக்குத் தெரியாதா?

முதலில் நேர் பதில். பேப்பர் கிடையாது. நீ கொண்டுபோகவும் கூடாது, அவர்களும் தரமாட்டார்கள். எழுதி அழிக்கிற பலகை ஒன்றும் மார்க்கர் பேனா ஒன்றும் தருவார்கள். பலகை என்றதும் பள்ளிக்கூடச் சிலேட்டை நினைத்துக்கொள்ளாதே, வழவழவென்று லேமினேட் செய்த அட்டைதான். உன் ராசியான பேனா, பென்சில், துண்டுச் சீட்டு எதுவும் அறைக்குள் வராது. பலகை நிறைந்துவிட்டால் கையைத் தூக்கு, மேற்பார்வையாளர் வந்து வேறு பலகை தருவார். மார்க்கர் காய்ந்துபோனாலும் அப்படியே. எழுந்து நடந்து போய்க் கேட்கக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் திரும்பவே கூடாது. அவர் வேறு ஏதோ பரீட்சை எழுதிக்கொண்டிருப்பார், பியர்சன் வியூ மையத்தில் ஒரே நேரத்தில் பலவிதமான தேர்வுகள் நடக்கும். முடிந்ததும் பலகையையும் மார்க்கரையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்த அறையில் நீ எழுதிய ஒரு எழுத்துகூட உன்னோடு வீட்டுக்கு வரக்கூடாது.

உன் கோச்சிங் மாஸ்டர் சொல்லாமல் விட்டது இதுதான்: தேர்வு தொடங்கும் முன்னால் அந்தப் பலகையில் எதுவும் எழுதக் கூடாது. பலகையைக் கையில் கொடுத்தவுடன் எழுதத் தொடங்கினால், அது நேரத்தை மிச்சம் பிடிப்பதாக ஆகாது, விதியை மீறுவதாகத்தான் ஆகும். நமக்கு வெள்ளையாக எதைக் கண்டாலும் மூலையில் பிள்ளையார் சுழி போட்டுப் பழக்கம். உன் அம்மாவும் நானும் மளிகை லிஸ்டுக்குக்கூடப் போடுவோம். போட்டுக்கொள், தப்பில்லை, ஆனால் முதல் கேள்வி திரையில் வந்த பிறகு போடு. உன் கூட வரும் பிள்ளைகள் சிலுவை போடுகிறவர்களாக இருந்தால் அவர்களுக்கும் இதையே சொல்.

எனக்கு உன்மேல் பயம் இருப்பது வேறு இடத்தில். நீ மூன்று வருஷமாக வார்டில் வேலை பார்ப்பவள். ஐம்பது பேஷண்டுக்கு இரண்டு சிஸ்டர் இருக்கிற இடத்தில் எந்தப் புள்ளை நோட்டைத் தேடிப் போகும்? பத்தாம் பெட் பி.பி. உள்ளங்கையில், பன்னிரண்டாம் பெட் யூரின் அவுட்புட் மணிக்கட்டில், டாக்டர் போனில் சொன்ன டோஸ் யூனிஃபார்ம் ஓரத்தில் ஒட்டிய மைக்ரோபோர் துண்டில். டியூட்டி முடிந்து கை கழுவும்போதுதான் பாதி சார்ட் எழுதவில்லை என்று ஞாபகம் வரும். நானும் அப்படி வளர்ந்தவள்தான், அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் யோசிக்கும்போதே கை தானாக உள்ளங்கையைத் தேடும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. தேர்வு மையத்தில் உள்ளே விடும் முன் உன் உள்ளங்கையையும் பார்ப்பார்கள். பாஸ்போர்ட்டைச் சரிபார்த்து, கையெழுத்து வாங்கி, போட்டோ எடுத்து, உள்ளங்கை நரம்பை ஸ்கேன் செய்வார்கள். நடுவில் எழுந்து வெளியே போய்வந்தால் மறுபடியும் ஸ்கேன். முதல் நாள் டியூட்டியில் எழுதிய "கே 5.8" அங்கே நீல மையில் பளிச்சென்று தெரிந்தால், அது பத்தாம் பெட் பெரியவரின் பொட்டாசியம் என்று யாரிடம் போய் விளக்கப்போகிறாய்? அதனால் முதல் நாள் லீவு போடு. முடியாவிட்டால் ஸ்பிரிட் போட்டுக் கை இரண்டையும் துடைத்துவிட்டுப் படு. தேர்வு நேரத்தில் எழுத்து விழ வேண்டிய இடம் பலகை ஒன்றுதான். கையில், டிஷ்யூ பேப்பரில், துப்பட்டா நுனியில் எங்கே எழுதினாலும் கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். படமும் ஒலியும் பதிவாகிற அறை அது.

ஒலி என்றதும் நினைவு வருகிறது. நீ கணக்குப் போடும்போது வாய்விட்டு முணுமுணுப்பாய், சின்ன வயதிலிருந்தே. அங்கே அது கூடாது, அடுத்தவருக்குத் தொந்தரவு. முணுமுணுப்பு வரும்போது மார்க்கரை எடு. வாயில் சொல்வதை அட்டையில் எழுது.

இனி அந்தக் கடகட விஷயத்துக்கு வருகிறேன். தேர்வு தொடங்கியதும் தலையில் இருப்பதையெல்லாம் பலகையில் கொட்டிவிடு, பிறகு அதைப் பார்த்துப் பதில் சொல் என்பது கோச்சிங் உலகத்தில் பழைய வித்தை. ஆரம்பத்தில் திரையைப் பழகிக்கொள்ள ஒரு பயிற்சிப் பகுதி வரும். அந்த நிமிஷங்களில் எழுதிக்கொண்டால் கடிகாரத்துக்குத் தெரியாது என்பது அவர்கள் கணக்கு. தேர்வுக்கு முன் எழுதக் கூடாது என்ற விதி அதன் கழுத்தில் கையை வைத்துவிட்டது. "சரி, முதல் கேள்வி வந்த பிறகு எழுதுகிறேன்" என்பாய். எழுதலாம், தடையில்லை. ஆனால் எழுதாதே என்றுதான் நான் சொல்வேன்.

காரணம் இந்தத் தேர்வு எப்படி நடக்கிறது என்பதில் இருக்கிறது. 1994 ஏப்ரல் வரை என்கிளெக்ஸ் பேப்பரும் பென்சிலுமாகத்தான் நடந்தது. வருஷத்துக்கு இரண்டு தடவை, இரண்டு நாள், பெரிய மண்டபங்களில். அந்தக் காலத்தில் ஓரத்தில் கிறுக்கலாம், விட்ட கேள்விக்குத் திரும்பி வரலாம். கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகு அந்தக் கதையே இல்லை. நீ ஒரு கேள்விக்குப் பதில் கொடுத்ததும், கம்ப்யூட்டர் அதை வைத்து உன் தரத்தைக் கணக்கிட்டு, அடுத்த கேள்வியை அந்தத் தரத்துக்குப் பக்கத்தில் தேடித் தருகிறது. சரியாகச் சொன்னால் கடினமானது வரும், தவறினால் கொஞ்சம் எளியது வரும். தாண்டிய கேள்விக்குத் திரும்ப முடியாது, எதையும் விட்டுவிட்டுப் போகவும் முடியாது. குறைந்தது 85, அதிகபட்சம் 150 கேள்வி, ஐந்து மணி நேரம். நீ பாஸா இல்லையா என்பதில் 95 சதவீதம் நிச்சயம் வந்ததும் கம்ப்யூட்டர் தானே நின்றுவிடும். நான் எழுதிய காலத்தில் 75இலிருந்து 265 வரை, ஆறு மணி நேரம். முதுகு ஒடிந்துவிடும்.

இப்படி ஓடுகிற தேர்வில், முதல் பத்து நிமிஷத்தில் நீ எழுதிவைத்த சோடியம், பொட்டாசியம், டிஜாக்ஸின், லித்தியம் லிஸ்ட் எத்தனை கேள்விக்கு உதவும்? இரண்டு மூன்றுக்கு உதவினால் பெரிய விஷயம். 2023 ஏப்ரல் 1 முதல் வந்திருக்கிற புது முறையில் லேப் ரிசல்ட் தரும் பட்டியலில் பெரும்பாலும் நார்மல் அளவையும் பக்கத்திலேயே போட்டுவிடுகிறார்கள். பொட்டாசியம் 3.5 முதல் 5.0 என்பது உனக்குத் தெரியுமா என்று அவர்கள் கேட்கவில்லை. 5.8 வந்திருக்கிறது, ஃபியூரோஸ்மைடு கொடுக்கிற நேரமும் வந்திருக்கிறது, ஸ்பைரனோலாக்டோன் கொடுக்கிற நேரமும் வந்திருக்கிறது, நீ எதை நிறுத்தி டாக்டரைக் கூப்பிடுவாய் என்று கேட்கிறார்கள். அந்தப் பதில் எந்த லிஸ்டிலும் இல்லை.

லிஸ்ட் வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டில் எழுது, நூறு முறை எழுது. குறிப்பாக மருந்துப் பெயர்கள். நம் பாராசிட்டமால் இங்கே அமெரிக்காவில் அசிட்டமினோஃபென், சால்பியூட்டமால் ஆல்பியூட்டரால், அட்ரினலின் எபிநெஃப்ரின், பெத்திடின் மெபெரிடின். தேர்வில் கம்பெனிப் பெயர் வராது, பொதுப் பெயர்தான் வரும், அதுவும் அமெரிக்கப் பொதுப் பெயர். நம் பிள்ளைகள் பாடம் தெரிந்தும் தடுக்கி விழுகிற இடம் இது. ஆனால் இதெல்லாம் மண்டைக்குள் போய் உட்கார வேண்டியது. தேர்வு நாள் காலையில் பலகையில் கொட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலையில் இருந்தால், தேதியைத் தள்ளிப்போடுவதே மேல்.

அப்படியானால் பலகை எதற்கு? அந்த நிமிஷம் கண் முன்னால் இருக்கிற ஒரே ஒரு கேள்விக்கு. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

கணக்கை எடுத்துக்கொள். எழுபது கிலோ பேஷண்ட், ஹெப்பாரின் மணிக்குக் கிலோவுக்கு 18 யூனிட் ஆர்டர், பையில் 500 மி.லி.யில் 25,000 யூனிட், பம்பை எத்தனை மி.லி.யில் வைப்பாய், பத்தில் ஒரு பாகத்துக்குத் திருத்திச் சொல் என்று ஒரு கேள்வி. திரையில் கால்குலேட்டர் இருக்கும், பெருக்கல் வகுத்தலுக்கு மூளையைக் கசக்க வேண்டாம். ஆனால் கால்குலேட்டர் எண்களை மட்டும்தான் பார்க்கும், யூனிட்டைப் பார்க்காது. பலகையில் முதலில் எழுத வேண்டியது கடைசி வரியை: "மி.லி./மணி, ஒரு தசமம்." கேட்டது என்ன என்பது கண்முன் நிற்கட்டும். அதற்குக் கீழே 70 × 18 = 1260 யூனிட்/மணி. அதற்குக் கீழே 25,000 ÷ 500 = 50 யூனிட்/மி.லி. பிறகு 1260 ÷ 50 = 25.2 மி.லி./மணி. மூன்று வரி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் யூனிட். அவ்வளவுதான். மனக்கணக்குப் புலிகள் 1260 என்று தட்டிவிட்டு அதையே பதிலாகப் போட்டுவிட்டு வருகிறார்கள், கணக்குத் தெரியாமல் அல்ல.

சொட்டுக் கணக்கிலும் அப்படியே. ஆயிரம் மி.லி. எட்டு மணி நேரத்தில் போக வேண்டும், செட் மி.லி.க்கு 15 சொட்டு. 1000 × 15, அதை 480 நிமிஷத்தால் வகுத்தால் 31.25, அதாவது நிமிஷத்துக்கு 31 சொட்டு. நம்மூர் செட்டில் பெரும்பாலும் 20 சொட்டு என்பதால் நம் கை கண்ணை மூடிக்கொண்டு 20 என்று எழுதும், 42 என்று பதில் வரும். கேள்வியில் இருக்கிற "15"ஐ முதலில் பலகைக்கு இறக்கிவிட்டால் பழக்கதோஷம் குறுக்கே வராது.

கணக்கைவிடப் பலகை அதிகம் உதவுவது, என் அபிப்பிராயத்தில், கேஸ் ஸ்டடியில்தான். புது முறையில் குறைந்தது மூன்று கேஸ் வரும், ஒவ்வொன்றிலும் ஆறு கேள்வி. திரையின் ஒரு பாதியில் பேஷண்டின் சார்ட், நர்ஸ் நோட்ஸ், வைட்டல்ஸ், லேப், ஆர்டர் என்று தனித்தனிப் பக்கங்களாக. மறு பாதியில் கேள்வி. ஆறும் ஒரு வரிசையில் போகும்: எது முக்கியமான அறிகுறி, அதற்கு என்ன அர்த்தம், எதை முதலில் சந்தேகப்பட வேண்டும், என்ன செய்யலாம், எதைச் செய்வாய், செய்தது பலித்ததா. ஹேண்டோவர் எடுக்கும்போது நாம் தினமும் செய்வதுதான்.

வயிற்று ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்த பேஷண்ட் என்று வைத்துக்கொள். எட்டு மணிக்கு பி.பி. 128/76, பல்ஸ் 84, யூரின் மணிக்கு 60 மி.லி. பத்து மணிக்கு 112/70, 98, 35. பன்னிரண்டு மணிக்கு 98/60, 118, 18. இந்த மூன்று நேரமும் சார்ட்டின் வேறு வேறு பத்திகளில் சிதறிக் கிடக்கும், நடுவில் "வலி பரவாயில்லை என்கிறார், மகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்" என்றெல்லாம் கதை ஓடும். 112/70ஐத் தனியாகப் பார்த்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். 98/60கூட ஒல்லியான பெண்ணுக்கு எப்போதும் இருக்கிற அளவாக இருக்கலாம். பலகையில் மூன்று கட்டம் போட்டு, பி.பி.க்கு நேராகக் கீழ் அம்புக்குறி, பல்ஸுக்கு நேராக மேல் அம்புக்குறி, யூரினுக்கு நேராகக் கீழ் அம்புக்குறி என்று போட்டுவிட்டால், உள்ளே ரத்தம் கசிகிறது என்பது மூன்றாவது அம்புக்குறி போடும்போதே தெரிந்துவிடும். எண்கள்கூட வேண்டியதில்லை, அம்புக்குறி போதும். ஆறு கேள்விக்கும் அந்த ஒரு கட்டம் பயன்படும். பின்னால் சார்ட்டில் புது நேரம் சேர்ந்தால் பக்கத்தில் ஒரு கட்டம் சேர்த்துக்கொள்.

இங்கே நம் ஆட்கள் செய்கிற காரியம், சார்ட் முழுவதையும் பலகையில் பிரதி எடுப்பது. வயது, பழைய நோய், அலர்ஜி, மருந்து லிஸ்ட் எல்லாம். வேண்டவே வேண்டாம். அந்த ஆறு கேள்வி முடிகிறவரை சார்ட் எங்கும் ஓடிப்போகாது, திரையிலேயே இருக்கும். திரையில் இருப்பதைப் பலகையில் எழுதுவது, மானிட்டரில் ஓடுகிற பல்ஸைப் பேஷண்டின் நெற்றியில் எழுதிவைக்கிற மாதிரி. திரையில் இல்லாததை எழுது. இருப்பவற்றுக்கு நடுவே உள்ள உறவை எழுது.

பொருந்துவன எல்லாவற்றையும் தேர்ந்தெடு என்கிற கேள்விக்கும் பலகை நல்ல துணை. முன்பு ஒன்று தவறினால் முழு மார்க்கும் போகும். இப்போது பகுதி மார்க் உண்டு, ஆனால் தவறாகத் தேர்ந்ததற்கு மார்க் கழியும், பூஜ்யத்துக்குக் கீழே மட்டும் போகாது. மூன்று சரியான விடையில் இரண்டைப் பிடித்து, ஒரு தவறையும் சேர்த்தால் கையில் நிற்பது ஒன்றுதான். அதனால் "எதற்கும் இருக்கட்டும்" என்று ஒன்றைக் கூடுதலாகத் தட்டுகிற பழக்கத்தை விடு. 1 முதல் 5 வரை எண்ணை எழுதி, ஒவ்வொன்றையும் தனி சரி/தவறு கேள்வியாகப் பார்த்து, பக்கத்தில் டிக்கோ பெருக்கல் குறியோ போட்டுக்கொண்டே வா. அரைகுறைச் சந்தேகம் உள்ளதற்கு ஒரு புள்ளி. கடைசியில் புள்ளி வைத்ததை மட்டும் மறுபடி படித்தால் போதும். ஐந்தையும் ஐந்து தடவை படிக்கிற நேரம் மிச்சம்.

ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் பலகையில் ஒரு கோடு இழு. கோட்டுக்கு மேலே இருப்பது முடிந்த கதை. இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம், நாற்பதாவது கேள்வியில் உட்கார்ந்துகொண்டு முப்பத்தாறாவதைப் பார்த்து "ஐயோ, ஆக்ஸிஜன் கொடுத்துவிட்டுத்தானே டாக்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும்" என்று குமைகிறவர்கள் உண்டு. பலகையில் பழைய கணக்கு தெரியத் தெரியத்தான் அந்தக் குமைச்சல். முன்பக்கம் நிறைந்தால் கையைத் தூக்கிப் புதுப் பலகை வாங்கிக்கொள், கூச்சப்படாதே. அவர்கள் அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறார்கள். இன்னொன்று, எத்தனையாவது கேள்வி, எவ்வளவு நேரம் மீதி என்று பலகையில் கணக்கு வைக்காதே. இரண்டையும் திரையே காட்டும். உறுத்தினால் மறைத்துவைக்கவும் வழி உண்டு. 150 கேள்விக்கு ஐந்து மணி என்றால் ஒன்றுக்கு இரண்டு நிமிஷம். கேஸ் ஸ்டடிக்குக் கொஞ்சம் கூடும், ஒற்றைக் கேள்விக்குக் குறையும்.

இடைவேளை இரண்டு மணி நேரம் கழித்து ஒன்றும், மூன்றரை மணி நேரம் கழித்து ஒன்றும் கம்ப்யூட்டரே கேட்கும், விருப்பமிருந்தால் எடுக்கலாம். கடிகாரம் நிற்காது, நீ டாய்லெட்டில் இருக்கும் நேரமும் உன் ஐந்து மணியில்தான் கழியும். பலகை வெளியே வராது. லாக்கரில் வைத்த பையில் புத்தகமோ நோட்ஸோ இருந்தால் இடைவேளையில் தொடக் கூடாது, புரட்டிப் பார்ப்பது பெரிய குற்றம். போன் அவர்கள் தருகிற பையில் சீல் வைத்தபடியே இருக்க வேண்டும். தண்ணீர், ஒரு வாழைப்பழம், நாலு பிஸ்கட், அதோடு லாக்கரை மூடிவிடு. உன் அம்மா கட்டித் தருகிற எலுமிச்சை சாதத்தை வெளியே வந்த பிறகு சாப்பிடு, தூக்கம் வரும். நோட்ஸ் எதையும் மையத்துக்கு எடுத்துப்போகாமல் இருப்பதே நல்லது. பாஸ்போர்ட் மட்டும் மறக்காதே. இந்தியாவில் எழுதும்போது ஆதார், டிரைவிங் லைசன்ஸ் எதுவும் செல்லாது, பாஸ்போர்ட் ஒன்றுதான். அதில் இருக்கிற பெயரும் நீ பதிவு செய்த பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று இன்றைக்கே பார். அப்பா பெயரை இனிஷியலாகப் போட்டவர்களுக்கு இது பெரிய தலைவலி.

வெளியே வந்த பிறகு வருவதுதான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டியது. உங்கள் கோச்சிங்கில் தேர்வு எழுதிவிட்டு வந்தவர்களை உட்காரவைத்து, ஞாபகம் இருக்கிற கேள்வியை எல்லாம் எழுதி வாங்குகிறார்கள் என்று நீயே போன மாதம் சொன்னாய். "எல்லாரும் கொடுக்கிறாங்க பெரியம்மா, அடுத்த பேட்ச்சுக்கு உதவியா இருக்கும்" என்றாய். கேள்வி வருவதற்கு முன்னால் திரையில் ஒரு ஒப்பந்தம் வரும். தேர்வில் பார்த்ததை யாருக்கும் சொல்லமாட்டேன், எழுதமாட்டேன் என்று நீ சம்மதித்தால்தான் உள்ளே போகலாம். அந்தச் சம்மதம் வாசலோடு முடிவதில்லை. ரயிலில் உட்கார்ந்து நோட்டில் எழுதினாலும், குரூப்பில் வாய்ஸ் போட்டாலும் மீறல்தான். பிடிபட்டால் ரிசல்டை நிறுத்திவைக்கலாம், ரத்து செய்யலாம், நீ விண்ணப்பித்த மாநிலத்தின் நர்சிங் போர்டு லைசன்ஸே தரமாட்டேன் எனலாம். பதிவுக்கு 200 டாலர், வெளிநாட்டு மையத்துக்கு மேலும் 150 டாலர், அதற்கு வரி. உன் அப்பா அந்தப் பணத்துக்கு எங்கே போனார் என்று எனக்குத் தெரியும்.

அட்டையைக் கையில் கொடுத்துத் திருப்பி வாங்கிக்கொள்வதன் காரணமும் இதுதான். அந்தக் கேள்விகள் ஒரு நாளோடு செத்துப்போகிறவை அல்ல, வேறு வேறு நாட்டில், வேறு வேறு நாளில் எழுதுகிற பலருக்கும் வரக்கூடியவை. உன் தேர்விலேயே மார்க் இல்லாத 15 கேள்வி கலந்திருக்கும், எது என்று உனக்குத் தெரியாது. பின்னால் பயன்படுத்தலாமா என்று சோதித்துப் பார்க்கிறவை அவை. ஒரு துண்டுக் காகிதம் வெளியே போனால் அத்தனை உழைப்பும் வீண்.

பிலிப்பைன்ஸில் நடந்ததை நம் நர்ஸுகள் அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும். 2006 ஜூனில் அந்த நாட்டு நர்சிங் லைசன்ஸ் தேர்வை நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். மூன்றாம் தாளிலும் ஐந்தாம் தாளிலும் வந்த கேள்விகள் குறிப்புகளாகக் கசிந்து, கோச்சிங் மையங்கள் சிலவற்றில் முன்கூட்டியே சுற்றியிருந்தது தெரியவந்தது. கோர்ட், விசாரணை, மறுதேர்வு என்று மாதக்கணக்கில் இழுத்தது. 2007 பிப்ரவரியில் அமெரிக்க விசாவுக்குத் தகுதி பார்க்கிற சி.ஜி.எஃப்.என்.எஸ். நிறுவனம், அந்த முறை பாஸானவர்கள் அந்த இரண்டு தாள்களுக்கு ஈடாக மறுபடி எழுதித் தேறினால் ஒழிய விசா ஸ்கிரீன் சான்றிதழ் கிடையாது என்று சொல்லிவிட்டது. குறிப்பைப் பார்த்தவர்கள், பார்க்காதவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான். ராத்திரி முழுக்கப் படித்து நேர்மையாக எழுதிய பிள்ளைகள் அந்த வருஷத்துச் சான்றிதழைக் காட்டும் இடத்திலெல்லாம் கூசிக் குறுகி நின்றார்கள். அடுத்த பேட்ச்சுக்கு உதவி என்று நீ எழுதிக் கொடுக்கிற காகிதம் எங்கே போய் நிற்கும் என்று உன் மாஸ்டருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது.

அதனால் அவர் கேட்டால் "கையெழுத்துப் போட்டிருக்கேன் சார்" என்று சொல்லிவிடு. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், ஃபீஸ் கட்டியாயிற்று. நானும் எந்தக் கேள்வி வந்தது என்று கேட்கமாட்டேன். கஷ்டமாக இருந்ததா, சுலபமாக இருந்ததா என்று வேண்டுமானால் கேட்பேன். அதற்கும் பதில் நம்பும்படி இருக்காது, தரத்துக்குத் தகுந்தபடி கேள்வி மாறுவதால் நன்றாக எழுதியவர்களுக்கும் படுமோசமாகத்தான் தோன்றும். 85இல் நின்றால் அழாதே, 150 வரை போனாலும் அழாதே. இரண்டிலும் பாஸானவர்கள் என் யூனிட்டிலேயே இருக்கிறார்கள். ஒருவேளை இல்லையென்று வந்தால் நாற்பத்தைந்து நாள் கழித்து மறுபடி எழுதலாம்.

இப்போது செய்ய வேண்டியது. ஜெராக்ஸ் கடையில் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து லேமினேட் செய்து வாங்கு. ஸ்டேஷனரிக் கடையில் மெல்லிய முனை ஒயிட்போர்டு மார்க்கர் கிடைக்கும், தடித்த முனை வேண்டாம். இனி வீட்டில் எந்த மாக் டெஸ்ட் எழுதினாலும் ரஃப் நோட்டை மூடிவைத்துவிட்டு அந்த அட்டையில்தான் எழுத வேண்டும். முதல் சில நாள் எரிச்சலாக இருக்கும். மார்க்கர் வழுக்கும், எழுத்துப் பெரிதாகப் போகும், முழங்கை பட்டு பாதி அழிந்துவிடும், இடதுகைக்காரி வேறு நீ, எழுதிய வரி மேலேயே உன் கை போகும். அதற்கு வலது ஓரத்திலிருந்து கட்டம் கட்டமாக எழுதிப் பழகு. காகிதத்தில் பழகிய கை அங்கே போய் முதல் தடவையாக வழவழப்பைத் தொட்டால் அரை மணி நேரம் அதிலேயே போய்விடும்.

உன் அம்மாவிடம் இன்றைக்கே ஒன்று சொல்லிவை. அந்த ஐந்து மணி நேரமும் உன் போன் சீல் வைத்த பைக்குள் இருக்கும். "பாப்பா போனை எடுக்கல, சுவிட்ச் ஆஃப்னு வருது" என்று எனக்குப் போன் போட்டு அழ வேண்டாம். அங்கே காலை என்றால் இங்கே டெக்ஸாஸில் ராத்திரி, நான் டியூட்டியில் இருப்பேன்.

அன்புடன்,
பெரியம்மா